பழைய பிக்கப்புக்கு ஐந்தாம் கியர்: ஓவர்டிரைவ் கியர்பொக்ஸ் மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நான்கு கியர் டீசல் பிக்கப்புகள் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் வட்டையிலிருந்து நெல் மூட்டை, வாழைச்சேனையிலிருந்து ஐஸ் போட்ட மீன், தம்புள்ளையிலிருந்து மரக்கறி என்று பின்னால் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். எஞ்சினில் குறை இராது. ஆனால் காப்பெற் போட்ட நெடும்பாதையில் 70ஐத் தொட்டதும் கத்தத் தொடங்கிவிடும். அதற்கு மருந்து ஐந்தாம் கியர் உள்ள பொக்ஸ். மாற்றும் வேலை செய்யக்கூடியதுதான். அளவு எடுக்காமல் பொக்ஸை வாங்கி வந்து வாசலில் இறக்கிவிட்டு யோசிப்பவர்களுக்குத்தான் காசும் நாளும் வீணாகின்றன.

கீழே எடுத்துக்காட்டாக வருவது பின்சில்லு மட்டும் இழுக்கும் டொயோட்டா ஹைலக்ஸ், எல் அல்லது 2எல் டீசல் எஞ்சினோடு. மற்ற வாகனங்களுக்கும் முறை இதுதான், அளவுகள் மாறும்.

ஓவர்டிரைவ் என்றால் தனியாகப் பூட்டும் சாமானா?

அப்படியும் ஒரு வகை உண்டு, பழைய இங்கிலாந்துக் கார்களில் கியர்பொக்ஸின் வாலில் தனிப் பெட்டியாக வந்தது. நாம் இங்கே சொல்வது பொக்ஸுக்குள்ளேயே இருக்கும் ஐந்தாம் கியரை. நான்காம் கியரில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டும் ஒரு சுற்று சுற்றும். ஓவர்டிரைவ் ஐந்தாம் கியரில் எஞ்சின் 0.85 சுற்று சுற்றினாலே ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்றை முடித்துவிடும். அதே வேகத்துக்கு எஞ்சின் 15 வீதம் குறைவாகச் சுற்றினால் போதும்.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். 185ஆர்14 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் போகும். மணிக்கு 70 கிலோமீட்டரில் சில்லு நிமிடத்துக்கு 583 சுற்று. பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்சலின் விகிதம், அதாவது சில்லு ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் சுற்ற வேண்டிய அளவு, 4.1 என்றால் நான்காம் கியரில் எஞ்சின் 2390 சுற்று, ஐந்தாம் கியரில் 2030. விகிதம் 4.556 என்றால் 2660 இலிருந்து 2260க்கு இறங்கும். 4.875 என்றால் 2840 இலிருந்து 2420க்கு.

டீசல் மிச்சமாகுமா?

ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓடினால் ஆகும். கல்முனை ரவுணுக்குள் நின்று நின்று போகும் வாகனத்துக்கு ஒரு துளியும் மிச்சமாகாது, ஏனென்றால் ஐந்தாம் கியர் விழவே விழாது. டீசல் மிச்சத்தை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம். எஞ்சினின் சத்தமும் சூடும் தேய்மானமும் குறைவதுதான் உண்மையான ஆதாயம்.

எங்கள் பாதைகளுக்கு இது ஏற்றதா?

பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு என்று வரும் ஏ4 கடற்கரைப் பாதை சமதரை. வாழைச்சேனை தாண்டி ஏ15இல் போய், திருக்கொண்டியாமடுவில் ஏ11க்குத் திரும்பி பொலன்னறுவை, ஹபரணை என்று ஓடும் பாதையும் அப்படித்தான். ஐந்தாம் கியர் பிறந்ததே இந்த மாதிரிப் பாதைக்கு. ஆனால் செங்கலடியால் ஏ5இல் ஏறி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பதுளை என்று லோட் ஏற்றுபவருக்கு, பிபிலை தாண்டிய ஏற்றத்தில் அது சும்மா கிடக்கும். படுவான்கரையில் வாய்க்கால் கட்டாலும் கிரவல் வீதியாலும் மட்டுமே ஓடும் வாகனத்துக்கும் தேவையில்லை. அந்தக் காசை கிளச்சுக்கும் பிரேக்குக்கும் போடுங்கள்.

பொக்ஸை விட்டுவிட்டு டிஃபரன்சலை மாற்றினால் போதாதா?

நல்ல கேள்வி, பலர் கேட்காமல் விடுவது. 4.875 ஐக் கழற்றி 4.1 போட்டால் எஞ்சின் சுற்று 16 வீதம் குறையும். ஓவர்டிரைவ் தருவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஷாஃப்ட் வெட்ட வேண்டாம், தரை வெட்ட வேண்டாம், வேலை ஒரே நாளில் முடியும்.

ஆனால் அந்த 16 வீதம் முதலாம் கியரிலும் போகும், ரிவேர்ஸிலும் போகும். ஈர வட்டையிலிருந்து இருபது மூட்டையோடு வெளியே ஏறும்போது கிளச்சைப் பாதியில் பிடித்துப் பிடித்து இழுக்க வேண்டிவரும், பிளேட் கருகும். இன்னொன்று, ஸ்பீடோமீட்டர் ஷாஃப்டின் சுற்றைத்தான் எண்ணுகிறது. டிஃபரன்சல் மாறியதும் அது குறைத்துக் காட்டும்: முள் 60 காட்டும்போது நீங்கள் 71இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே தார்ப்பாதையில் மட்டும் இலேசான சுமையோடு ஓடுபவர் டிஃபரன்சலை மாற்றி, கூடவே ஸ்பீடோ கியரையும் மாற்றலாம். வயலுக்கும் போய் நெடும்பாதையும் ஓடுபவர் டிஃபரன்சலைத் தொடாமல் பொக்ஸை மாற்றுவதே சரி. இழுவையும் இருக்கும், ஓட்டமும் இருக்கும்.

என் டிஃபரன்சல் விகிதத்தை எப்படி அறிவது?

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். ஒரு பின்சில்லை மட்டும் தூக்கி, அச்சின் கீழ் ஸ்டேண்ட் வைத்த பிறகு கைபிரேக்கை இறக்குங்கள். தூக்கிய சில்லை 20 முழுச் சுற்று சுற்றுங்கள், மற்றவர் ஷாஃப்டில் சோக்கால் கோடு போட்டு எண்ணட்டும். 41 சுற்று வந்தால் 4.1. நாற்பத்தைந்தரை என்றால் 4.556. நாற்பத்தெட்டே முக்கால் என்றால் 4.875.

எந்த பொக்ஸ் பொருந்தும்?

முதலில் உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். எஞ்சின் அறையில் உள்ள தயாரிப்பாளர் தகட்டில் செசி இலக்கம், நிறக் குறியீட்டோடு கியர்பொக்ஸ் குறியீடும் இருக்கும். அந்தக் காலத்து டொயோட்டாக்களில் எழுத்துக்குப் பின்வரும் முதல் இலக்கம் கியர் எண்ணிக்கை: ஜி40 நான்கு, ஜி52 ஐந்து. டபிள்யூ வரிசையிலும் எல் வரிசையிலும் இதே முறைதான்.

எல், 2எல், 3எல் எல்லாம் ஒரே குடும்பம், எஞ்சினின் பின்முகத்து போல்ட் ஓட்டைகள் ஒன்றே. அதனால் இந்த எஞ்சின்களில் ஏதாவது ஒன்றோடு வந்த ஹைலக்ஸ் ஐந்து கியர் பொக்ஸ்தான் முதல் தெரிவு. ஜி52இன் விகிதங்கள் 3.928, 2.333, 1.451, 1.000, 0.851. முதலாம் கியரின் இழுவை குறையாமல் மேலே ஒரு கியர் கிடைக்கிறது.

டொல்பின் வானிலும் (டொயோட்டா ஹயஸ்) 2எல், 3எல் எஞ்சின் இருப்பதால் "அந்த பொக்ஸை எடுத்துப் பூட்டு, மலிவு" என்று சொல்வார்கள். எஞ்சினில் அது பொருந்தும். ஆனால் வானில் சாரதி எஞ்சினுக்கு மேலும் முன்னுமாக இருக்கிறார், கியர் லீவர் பொக்ஸின் தலையில் இல்லை, தூரத்திலிருந்து கம்பியாலோ கேபிளாலோ இழுக்கப்படுகிறது. அதைப் பிக்கப்பின் தரையில் நேராக நிற்கும் லீவராக மாற்ற வால் ஹவுசிங்கும் செலக்டர் தண்டுகளும் வேறு வேண்டும். அந்தச் சாமான்களைத் தேடி முடிக்கும்போது முழு ஹைலக்ஸ் பொக்ஸின் விலை வந்துவிடும்.

பெட்ரோல் ஹைலக்ஸின் ஆர் வகை எஞ்சினுக்கு வந்த பொக்ஸ் அப்படியே டீசலில் ஏறாது, எஞ்சினோடு சேரும் முன் உறையான பெல் ஹவுசிங் வேறு. பெல் ஹவுசிங் தனியாகக் கழலும் வகையென்றால் மாற்றிப் பூட்ட வழி உண்டு. நிசானின் எஃப்எஸ்5டபிள்யூ71 வகையில் பெல் ஹவுசிங் பொக்ஸின் உடம்போடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கிறது, அதனால் வேறு எஞ்சினின் பொக்ஸை வாங்கினால் உள்ளே இருப்பதை முழுக்கக் கழற்றி உங்கள் பழைய பொக்ஸின் உடம்புக்கு மாற்ற வேண்டும். அது கராஜ் வாசலில் வைத்துச் செய்யும் வேலை அல்ல.

சிறிய லொறியின் ஐந்து கியர் பொக்ஸில் இன்னொரு பொறி இருக்கிறது. ஐந்து கியர் இருந்தால் ஓவர்டிரைவ் என்று நினைக்கக் கூடாது. சில லொறி பொக்ஸ்களில் ஐந்தாவதுதான் நேர் விகிதம், 1.000. பூட்டி முடித்தும் எஞ்சின் முன்பு கத்தியது போலவே கத்தும்.

நான்கு சில்லும் இழுக்கும் வாகனமென்றால் பொக்ஸையும், இழுவையை முன் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபரையும் ஒரே வாகனத்திலிருந்து சோடியாக எடுங்கள். பொக்ஸ் நீளம் மாறினால் முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் இரண்டின் அளவும் மாறும்.

பழைய பொக்ஸ் வாங்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்தாலும் இங்கே கழித்த வாகனத்திலிருந்து எடுத்தாலும் சோதனை ஒன்றே. ஒரு சோக்குக் கட்டி, சிறிய டோர்ச், காந்தம், ஒயில் பிடிக்க ஒரு போத்தல் கொண்டு போங்கள்.

பொக்ஸ் தரையில் கிடக்கட்டும். முன்னால் கிளச் பிளேட் ஏறும் இன்புட் ஷாஃப்டில் ஒரு கோடு, பின்னால் அவுட்புட்டில் ஒரு கோடு. லீவரை நான்கில் போட்டு இன்புட்டை 10 சுற்று சுற்றினால் பின்னால் சரியாக 10 வர வேண்டும். ஐந்தில் போட்டு அதே 10 சுற்று சுற்றுங்கள். பின்னால் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைவாக, பதினொன்றே முக்கால் அளவில் வந்தால் அது 0.85 ஓவர்டிரைவ். பத்தே வந்தால் அந்த பொக்ஸ் வேண்டாம். முதலாம் கியரில் பத்துக்கு இரண்டரை அளவில் வரும்.

சுற்றும்போது கையில் கரகரப்பு தெரிகிறதா என்று பாருங்கள். இன்புட் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் சிறு அசைவு இருப்பது வழக்கம், முன்னும் பின்னும் இழுக்கும்போது டக் டக் என்று அடித்தால் முன் பெயாரிங் போய்விட்டது. பிறகு ஒயிலைப் போத்தலில் இறக்குங்கள். அடி போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது தேய்மானத்தின் தூள், பயமில்லை. ஒயிலில் மினுங்கும் பித்தளைத் தூள் நிறைய என்றால், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்துவிட்டன. முக்கோணமான இரும்புத் துண்டு வந்தால் ஒரு பல் உடைந்திருக்கிறது. ஒயில் பாலூற்றிய தேநீர் மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உள்ளே துரு.

பெல் ஹவுசிங்கின் காதுகளில் வெடிப்பு உண்டா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். அலுமினிய வார்ப்பில் வெல்டிங் தெரிந்தால் விலகிப் போங்கள்.

பொக்ஸோடு சேர்த்து இவற்றையும் கேளுங்கள்: மவுன்டிங் ரப்பரும் குறுக்குச் சட்டமும், கிளச் ஃபோர்க், லீவர், ஷாஃப்டின் முன் யோக் (பொக்ஸின் வாலுக்குள் நுழையும் முனை), ஸ்பீடோ கியர், எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் இடையில் வரும் மெல்லிய தகடு. கழற்றியவர் அவற்றைக் குப்பையில் போட முன் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார். பிறகு ஒவ்வொன்றாகத் தேடினால் ஒவ்வொன்றுக்கும் காசு.

பூட்ட முன் எடுக்க வேண்டிய அளவுகள் எவை?

இரண்டு பொக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, பெல் ஹவுசிங் முகத்திலிருந்து எடுங்கள். முகத்திலிருந்து இன்புட் ஷாஃப்டின் நுனிவரை. முகத்திலிருந்து மவுன்டிங் போல்ட்வரை. முகத்திலிருந்து லீவரின் நடுவரை. முகத்திலிருந்து வால் சீல்வரை. இன்புட்டின் பற்கள் எத்தனை, அவுட்புட்டின் பற்கள் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள்.

இன்புட் நுனிதான் மிக முக்கியம். அது எஞ்சினின் கிராங்க் முனையில் உள்ள பைலட் பெயாரிங்குக்குள் போக வேண்டும், கிராங்கின் குழியின் அடியில் முட்டவும் கூடாது. குழியின் ஆழத்தை அளந்து பாருங்கள், குறைந்தது 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும். முட்டினால் போல்ட் இறுக இறுக கிராங்கின் திரஸ்ட் வாசர் அரைபடும். நுனி பெயாரிங்கில் ஆடாமலும் விரலால் தள்ளினால் போகக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

கிளச் பிளேட் எதைப் போடுவது?

வெளி விட்டம் உங்கள் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்த வேண்டும், நடுப் பற்கள் புது இன்புட்டுக்குப் பொருந்த வேண்டும். கடைக்குப் பழைய பிளேட்டைக் கொண்டு போவது மட்டும் போதாது, இன்புட்டின் பல் எண்ணிக்கையையும் விட்டத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். பொக்ஸ் கழன்றிருக்கும்போதே கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங், பைலட் பெயாரிங், கிராங்கின் பின் சீல், பொக்ஸின் முன் பின் சீல்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒரு சீலுக்காக முழு வேலையையும் திரும்பச் செய்வதைவிட வயிற்றெரிச்சலான விடயம் இல்லை.

வேலையை எந்த ஒழுங்கில் செய்வது?

சாமான் எல்லாம் கையில் இருந்தால் இரண்டு பேருக்கு இரண்டு நாள், லேத் வேலைக்கு எடுக்கும் நேரம் வேறு. வாகனத்தை நான்கு ஸ்டேண்டில் ஏற்றுங்கள். ஜெக்கில் மட்டும் நிற்கும் வாகனத்தின் கீழ் ஒருவரும் படுக்கக் கூடாது. எங்கள் மணல் தரையில் ஸ்டேண்டின் கீழ் தடித்த பலகை கட்டாயம்.

பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். லீவரை எடுங்கள். ஷாஃப்டைக் கழற்ற முன் இரண்டு பிளேஞ்சிலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள், திரும்ப அதே இடத்தில் பூட்ட வேண்டும். ஸ்பீடோ கேபிள், ரிவேர்ஸ் லைட் வயர், ஸ்டார்ட்டர், கிளச் ஸ்லேவ் சிலிண்டர் கழற்றுங்கள். ஸ்லேவைக் குழாயோடு அப்படியே பக்கத்தில் கட்டிவிட்டால் காற்று எடுக்கும் வேலை மிச்சம். எஞ்சினின் பின்புறத்துக்கு முட்டு வைத்த பிறகே குறுக்குச் சட்டத்தை இறக்குங்கள். இல்லாவிட்டால் எஞ்சின் பின்னால் சரிந்து விசிறி ரேடியேட்டரில் அடிக்கும்.

கடற்கரைக் காற்றில் பெல் ஹவுசிங் போல்ட்டுகள் பிடித்திருக்கும். முதல் நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். அலுமினியத்தில் இறுகிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் மரையே கூட வந்துவிடும்.

பொக்ஸ் நாற்பது கிலோ அளவில் இருக்கும். இறக்கும்போதும் ஏற்றும்போதும் பாரம் முழுவதும் ஜெக்கில் நிற்க வேண்டும். பாதி ஏறிய பொக்ஸ் கிளச் பிளேட்டில் தொங்கினால் பிளேட்டின் நடு வளையும், பிறகு கிளச் முழுக்க மிதித்தாலும் விடாது, முதலாம் கியரும் ரிவேர்ஸும் கறகற என்னும்.

பிளேட்டை நடுவில் பிடிக்க, கழித்த பொக்ஸிலிருந்து எடுத்த ஒரு பழைய இன்புட் ஷாஃப்ட் போதும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், முடிவில் 19 நியூட்டன் மீட்டர். இன்புட்டின் பற்களில் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருக்கட்டும். அதிகம் பூசினால் தெறித்து பிளேட்டில் படும்.

எஞ்சினின் பின்முகத்தில் இரண்டு டவல் பின் இருக்கும், விரல் நுனி அளவு. இவை இல்லாமல் பொக்ஸை ஒருபோதும் பூட்ட வேண்டாம். போல்ட் ஓட்டைகளில் தளர்வு இருக்கிறது, பொக்ஸை நடுவில் நிறுத்துவது அந்த இரண்டு பின்கள்தான். அவை தொலைந்து போய் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே இன்புட் பெயாரிங் சில மாதத்தில் இரையும், கியர் தானாகக் கழரும். பெரும்பாலானவர்கள் பொக்ஸைத்தான் பழிப்பார்கள்.

பொக்ஸ் முகத்தோடு முகம் கையால் தள்ளியே சேர வேண்டும். இரண்டு சென்ரிமீட்டர் மிஞ்சி நிற்கிறதென்றால் பற்கள் சேரவில்லை அல்லது பிளேட் நடுவில் இல்லை. ஐந்தாம் கியரில் போட்டு, பின் யோக்கை மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். போல்ட்டால் இழுத்து மூட முயன்றால் காது உடையும். சேர்ந்த பிறகு பெரிய போல்ட்டுகளுக்கு 72 நியூட்டன் மீட்டர், ஷாஃப்ட் பிளேஞ்சுக்கு 74.

தரையில் லீவருக்கு ஓட்டை வெட்ட வேண்டுமா?

லீவரின் இடம் பின்னால் போனால் வெட்ட வேண்டும். பொக்ஸை ஏற்றிய பிறகு கீழிருந்து குறித்து வெட்டுங்கள், முன்கூட்டி வெட்ட வேண்டாம். வெட்டிய ஓரத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு, மேலே ரப்பர் உறை இரண்டு அடுக்கு. உறை கிழிந்திருந்தால் மாரியில் சேறும் கோடையில் தூசியும் காலடிக்கு வரும். லீவரின் அடியில் சிறிய பிளாஸ்டிக் புஷ் ஒன்று இருக்கும், அதைப் புதிதாகப் போட்டால் கியர் விழும் இடம் கைக்குத் தெளிவாகத் தெரியும்.

குறுக்குச் சட்டத்தை எப்படி நகர்த்துவது?

செசியின் பக்கச் சுவரில் புது ஓட்டை துளைத்து, 8.8 தர போல்ட்டும் லொக் நட்டும் போடுங்கள். செசியின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளைக்கவோ வெல்ட் பண்ணவோ கூடாது. சுமையை வாங்குவது அந்த விளிம்புகள், நெல் ஏற்றிய ஒரு நாளில் வெடிப்பு அங்கிருந்துதான் ஓடும்.

ஷாஃப்டை எவ்வளவு வெட்டுவது?

புது பொக்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு குறைக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் கணக்கை நம்பி வெட்டாமல், எல்லாம் பூட்டி வாகனம் நான்கு சில்லிலும் நிற்கும்போது அளந்து வெட்டுங்கள். முன் யோக்கை வாலுக்குள் முட்டும்வரை தள்ளி, 25 மில்லிமீட்டர் வெளியே இழுத்து வைத்து அளவெடுங்கள். சுமை ஏறி அச்சு அசையும்போது ஷாஃப்ட் உள்ளே போக அந்த இடம் தேவை. அது இல்லாவிட்டால் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் வால் ஹவுசிங் வெடிக்கும். நடுப் பெயாரிங் உள்ள இரண்டு துண்டு ஷாஃப்டில் எந்தத் துண்டைக் குறைப்பது என்பது, உள்ளே வெளியே வழுகும் சிலைட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெயாரிங் தாங்கியின் இடம் மாறாதபடி முன் துண்டைக் குறைப்பது வழக்கம்.

லேத் பட்டறையில் இரண்டு விடயத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஒரு துண்டின் இரு முனை யோக்குகளும் முன்பு நின்ற அதே தளத்தில் நிற்க வேண்டும், வெட்ட முன் நீளத்துக்கு ஒரு கோடு கீறினால் தவறாது. வெல்டிங் முடிந்து சுற்றிப் பார்த்து, பலன்ஸ் செய்து தர வேண்டும்.

பிறகு கோணம். பொக்ஸின் சாய்வையும் டிஃபரன்சல் முகத்தின் சாய்வையும் கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலியாலேயே அளக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு பாகைக்குள் இருக்கட்டும். கூடினால் மவுன்டிங்கின் கீழ் தகடு வைத்துச் சரிக்கட்டுங்கள்.

ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுமா?

பொக்ஸை மட்டும் மாற்றினால் காட்டக் கூடாது. அது அவுட்புட்டிலிருந்து ஓடுகிறது, ஐந்தாம் கியர் அதற்கு முன்னால் இருக்கிறது. டயரும் டிஃபரன்சலும் பழையபடி இருந்தால், பழைய பொக்ஸின் சிறிய பிளாஸ்டிக் ஸ்பீடோ கியரை எடுத்துப் புதியதில் போடுங்கள். உள்ளே உள்ள கியரின் பற்கள் வேறு என்றால் மட்டும் கணக்கு மாறும். பூட்டியபின் கிலோமீட்டர் கல்லை வைத்து 10 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள்.

எந்த ஒயில், எவ்வளவு?

ஜிஎல்-4, 75டபிள்யூ-90. எங்கள் சூட்டுக்கு 80டபிள்யூ-90உம் சரி. டிஃபரன்சலுக்கு வாங்கிய ஜிஎல்-5 ஒயிலில் மிச்சத்தை பொக்ஸுக்குள் ஊற்றும் பழக்கம் இருக்கிறது, வேண்டாம். அதில் கூடுதலாக உள்ள கந்தக, பொசுபரசுச் சேர்மானம் சில வகைகளில் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும்.

சமதரையில் நிறுத்தி, பக்கத்து ஓட்டையால் வழியும்வரை ஊற்றுங்கள். பின்சில்லு இழுக்கும் பிக்கப்பில் பெரும்பாலும் 2 முதல் 2.5 லீட்டர். பழையதை வடிக்க முன் ஊற்றும் ஓட்டையின் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள், அது இறுகியிருந்தால் வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். பிளக்குகளுக்கு 37 நியூட்டன் மீட்டர். முதல் 1000 கிலோமீட்டரில் ஒருமுறை மாற்றுங்கள்.

ஒயில் குறைந்தால் முதலில் சாவது ஐந்தாம் கியர். பல பொக்ஸ்களில் அது வால் பக்கத்தில் தனியாக இருக்கிறது, ஒயில் அங்கே கடைசியாகத்தான் போய்ச் சேரும்.

பூட்டியபின் சத்தம் அல்லது அதிர்வு வந்தால்?

எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கவனித்தால் இடம் தெரியும். நியூட்ரலில் நிற்கும்போது இரைந்து, கிளச் மிதித்ததும் நின்றால் இன்புட் பெயாரிங் அல்லது பொக்ஸுக்குள் அடியில் ஓடும் கீழ்த்தண்டின் பெயாரிங். கிளச் மிதிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பெயாரிங் அல்லது பைலட். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்தில் இரைந்து நான்கில் அடங்கினால் கீழ்த்தண்டு. நான்கில் பாரம் அந்தத் தண்டின் வழியாகப் போவதில்லை.

60 தாண்டியதும் தரை நடுங்கினால் அந்த வேகத்திலேயே நியூட்ரலில் விட்டு உருள விடுங்கள். நடுக்கம் தொடர்ந்தால் ஷாஃப்ட்: பலன்ஸ், கோணம் அல்லது யோக்கின் தளம். எஞ்சின் சுற்றோடு சேர்ந்து அடங்கினால் கிளச் பக்கம் பாருங்கள்.

ஐந்தாம் கியர் மட்டும் தானாகக் கழன்றால் பொக்ஸைத் திறக்க முன் லீவர் தரையின் ஓட்டை விளிம்பில் முட்டுகிறதா என்று பாருங்கள். அரை சென்ரிமீட்டர் முட்டினாலே கியர் முழுதாக விழாது. பாதிப் பல்லில் ஓடிய கியர் தேய்ந்து கழரும்.

கிளச் பெடலின் சும்மா ஆட்டம் 5 முதல் 15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் ரிலீஸ் பெயாரிங் ஓயாமல் சுற்றிக் கருகும்.

வெள்ளத்தில் ஓடலாமா?

மார்கழி, தை மழையில் தாம்போதிகளைத் தாண்ட வேண்டிய வாகனமென்றால், பொக்ஸின் மேலுள்ள மூச்சுக்குழாய்க்கு ஒரு ரப்பர் ஹோஸ் பூட்டி எஞ்சின் அறையின் உச்சிவரை கொண்டு போய்க் கட்டுங்கள். சூடான பொக்ஸ் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், அந்தச் சிறிய ஓட்டையால் தண்ணீரை உறிஞ்சும். பொக்ஸ் ஏறும்போதே செய்தால் பத்து நிமிட வேலை. பொக்ஸ் மூழ்கும் அளவு தண்ணீரில் போயிருந்தால் மறுநாளே ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள், பால் நிறம் தெரிந்தால் முழுதும் மாற்றுங்கள். டிஃபரன்சலையும் சேர்த்துப் பாருங்கள்.

ஐந்தாம் கியரை எப்போது போடுவது?

வெறும் வாகனம் என்றால் 60க்கு மேல். 4.556 டிஃபரன்சலில் 50இல் ஐந்தைப் போட்டால் எஞ்சின் சுமார் 1600 சுற்றுத்தான் சுற்றும், மிதித்தால் கறுப்புப் புகை தள்ளும், சூடேறும். முழு லோட்டோடு போகும்போது நான்கிலேயே ஓட்டுங்கள். நான்காம் கியர் நேர் விகிதம், அதில் பற்கள் பாரம் தாங்குவதில்லை. ஐந்தில் முழுச் சுமையும் சிறிய இரண்டு பற்சக்கரங்களின் மேல் விழும். எதிர்க்காற்றில் வேகம் விழத் தொடங்கினால் காலால் மிதித்துத் தள்ளாமல் ஒரு கியர் இறக்குங்கள்.

பதிவுப் புத்தகத்தில் மாற்றம் செய்ய வேண்டுமா?

புத்தகத்தில் இருப்பது எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும். பொக்ஸோடு எஞ்சினையும் சேர்த்து மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்தே ஆக வேண்டும். பொக்ஸை மட்டும் மாற்றினாலும் வாங்கிய பற்றுச்சீட்டை வாகனத்தின் கடதாசிகளோடு வையுங்கள். செசியில் இலக்கம் அடித்த இடத்துக்கு அருகில் கிரைண்டர் கொண்டு போக வேண்டாம்.

கழற்றிய நான்கு கியர் பொக்ஸை விற்கலாமா?

முதல் 1000 கிலோமீட்டர் ஓடி, ஒயிலை மாற்றி, காந்தத்தைப் பார்க்கும்வரை விற்க வேண்டாம். பழைய குறுக்குச் சட்டமும் அதுவரை இருக்கட்டும். ஷாஃப்டை வெட்டியிருந்தால் அந்த பொக்ஸ் திரும்ப நேராக ஏறாது. அதனால் முடிந்தவர்கள் தங்கள் ஷாஃப்டை வெட்டாமல், கழித்த வாகனத்திலிருந்து ஒன்றை வாங்கி அதை வெட்டுவது நல்லது. விற்கும்போது ஒயிலை வடித்துவிட்டு, வால் வாயை பொலித்தீன் கட்டி மூடி, இன்புட்டில் கிரீஸ் பூசிக் கொடுங்கள். ஸ்பீடோ கியரை எடுத்துவிட்டீர்கள் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.